இல்லை எண்டு குடுத்தும் போன மெசேஜ்: தமிழ் ஆர்க்பார்ஸ் கையேட்டைத் திருத்தின விபரம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் பைதன் படிக்கிற பெடி பெட்டையள் கனபேரின்ரை போனிலை ஒரு பிடிஎஃப் இருக்கும். ஆர்க்பார்ஸ் பற்றித் தமிழிலை எழுதின கையேடு. ஆர் எழுதினது எண்டு அதிலை பேர் இல்லை, வாட்ஸ்அப்பாலை கை மாறிக் கை மாறி வந்தது, இடையிலை ஆக்கள் தங்கடை பங்குக்கு ஒவ்வொரு பக்கம் சேத்தும் இருக்கினம். ஆர்க்பார்ஸ் தெரியாதவைக்குச் சுருக்கமாச் சொன்னா, டேர்மினலிலை ஒரு ஸ்கிரிப்டை ஓட்டேக்கை அதின்ரை பேருக்குப் பின்னாலை நாங்கள் அடிக்கிற ஒப்ஷனுகளைப் பிரிச்செடுத்து, பிழையா அடிச்சா பிழை எண்டு சொல்லி, ஹெல்ப் கேட்டா ஹெல்ப் காட்டுற லைப்ரரி. பைதனோடையே வருது, தனியா இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை. 2010 இலை வந்த பைதன் 2.7 இலையும் 2011 இலை வந்த 3.2 இலையும் சேத்தது, அதுக்கு முதல் இந்த வேலைக்கு ஒப்ட்பார்ஸ், கெட்ஒப்ட் எண்ட லைப்ரரிகள் இருந்தது, மாத்திற முடிவை பைதன்ரை மாற்றங்களைப் பதியிற பெப் எண்ட ஆவணங்களிலை 389 ஆவதிலை எழுதி வைச்சிருக்கினம்.

அந்தக் கையேடு கூடாத கையேடு இல்லை. இங்கிலீசிலை டொக்கியுமென்டேஷன் வாசிக்கப் பயந்து விட்டிட்டுப் போயிருக்கக்கூடிய எத்தினையோ பிள்ளையள் அதைப் பாத்துத்தான் முதல் ஸ்கிரிப்டை எழுதினவை. அதிலை எனக்கு மிச்சம் பிடிச்ச விசயம், ஒப்ஷன் பேருகளையே தமிழிலை வைச்சுக் காட்டினது. பைதன் 3 இலை இது உண்மையாவே வேலை செய்யும், ரெண்டு ஹைஃபன் போட்டு --அனுப்பு எண்டு ஒரு ஒப்ஷன் வைக்கலாம், கோட்டுக்குள்ளை அதே பேராலை எடுக்கலாம். கந்தோரிலை இருந்து ஸ்கிரிப்டை ஓட்டுற ஆளுக்கு இங்கிலீஷ் ஓடாட்டியும் --தொகுதி எண்டா என்ன எண்டு விளங்கும். இதுக்காகவே அந்தக் கையேட்டைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரேல்லை, திருத்தித்தான் எடுக்கோணும் எண்டு நிண்டனான்.

என்ன நடந்தது

இரணைமடுத் தண்ணியிலை வயல் செய்யிற ஒரு கமக்காரர் அமைப்பு. சிறுபோகத்துக்கு குளத்திலை நிக்கிற தண்ணியைப் பாத்துத்தான் எத்தினை ஏக்கர் செய்யிறது எண்டு கூட்டம் வைச்சு முடிவெடுப்பினம், பேந்து முறை வைச்சு வாய்க்காலிலை தண்ணி விடுவினம். முறை மாறினா ஆக்களுக்கு உடனை தெரியோணும், ஏனெண்டா இராத்திரியிலை டோர்ச் லைட்டோடை போய் மடையிலை நிண்டு தண்ணி கட்டுற வேலை இது, தெரியாமல் போய் நிண்டா ஒரு இரவு வீண். முந்தி மோட்டசைக்கிளிலை ஒராள் போய்ச் சொல்லுவார், இல்லாட்டி ஒவ்வொருத்தருக்கா போன் அடிப்பினம். அந்த ஊர்ப் பெடியன் ஒருத்தன் இதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தவன். பேரும் போன் நம்பரும் உள்ள ஒரு ஃபைலை வாசிக்கும், எந்தத் தொகுதிக்கு எண்டு --தொகுதி ஒப்ஷனிலை சொல்லலாம், என்ன செய்தி எண்டு --செய்தியிலை குடுக்கலாம், --அனுப்பு எண்டதுக்கு ஆம் எண்டு குடுத்தா உண்மையா எஸ்எம்எஸ் போகும், இல்லை எண்டு குடுத்தா ஆருக்குப் போகும் எண்ட லிஸ்டை மட்டும் ஸ்கிரீனிலை காட்டும். நல்ல யோசனை, இப்பிடி ஒரு ஒத்திகை வழி வைக்கோணும் எண்டு யோசிச்சதே பெரிய விசயம்.

பெடியன் கந்தோரிலை இருந்து சோதிச்சுப் பாத்திருக்கிறான். செய்தி: நாளையிலிருந்து இடதுகரை வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தப்படும். கடைசியிலை --அனுப்பு எண்டதுக்கு "இல்லை" எண்டு குடுத்தான். என்டரைத் தட்டினான். கொஞ்ச நேரத்திலை செயலாளர் ஐயா போன்.

"தம்பி, தண்ணி நிப்பாட்டுறது எண்டு ஆர் முடிவெடுத்தது? எனக்கே தெரியாது, சனம் என்னைக் கேக்குது."

"ஐயா, நாங்கள் ஒண்டும் அனுப்பேல்லை, சும்மா சோதிச்சுத்தான் பாத்தனான்."

"என்ரை போனுக்கே வந்து கிடக்கு தம்பி. வந்து பார்."

லிஸ்டிலை இருந்த எல்லாருக்கும் போயிட்டுது. உடனை மறுப்பு மெசேஜ் ஒண்டு அனுப்பிச்சினம், ஆனா அதுக்குள்ளை சிலபேர் நாளைக்குத் தண்ணி இல்லை எண்டு நினைச்சு தங்கடை முறை வர முதலே மடையைத் திறந்து கட்டத் தொடங்கிட்டினம், பக்கத்து வயல்காரர் வந்து கேக்க அது வாய்த்தர்க்கமாப் போய், செயலாளர் ஐயா இராத்திரி போய் நிண்டு சமாதானப்படுத்தினவர். இதை ஏன் இவ்வளவு எழுதுறன் எண்டா, டொக்கியுமென்டேஷனிலை ஒரு வரி பிழைச்சா அது எங்கை போய் வெளிக்கும் எண்டதை ஆக்கள் நினைக்கிறேல்லை. கையேட்டிலை ஒரு வரி, வாய்க்கால் கரையிலை சண்டை.

பெடியன் கோட்டோடை என்னட்டை வந்தான். நான் முதல்லை செய்யச் சொன்னது நம்பர் லிஸ்டை மாத்திறது: எங்கடை போன் நம்பர் மட்டும் உள்ள ஒரு ஃபைலை வைச்சுத்தான் இனி ஓட்டிறது எண்டு. பேந்து --அனுப்பு இல்லை எண்டு திருப்பி ஓட்டினம், மெசேஜ் வந்திச்சுது. சரி, ஒப்ஷனையே குடுக்காமல் ஓட்டிப் பாப்பம், டிஃபோல்ட் (ஒண்டும் குடுக்காட்டி எடுக்கிற பெறுமதி) "இல்லை" எண்டுதானே போட்டிருக்கு எண்டு ஓட்டினம். அப்பவும் வந்திச்சுது. அந்த ரெண்டாவதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது, ஏனெண்டா முதலாவதுக்குக் காரணம் கனபேருக்குத் தெரியும், ரெண்டாவது அவ்வளவா ஆருக்கும் தெரியாது.

ஏன் நடந்தது

அந்த ஒப்ஷனைப் பெடியன் கையேட்டிலை இருந்த மாதிரியே எழுதியிருக்கிறான்: டைப் எண்டதுக்கு பூல் (குடுத்ததை ட்ரூ, அதாவது உண்மை, இல்லாட்டி ஃபோல்ஸ், அதாவது பொய், ஆக்கிறது), டிஃபோல்டுக்கு மேற்கோள் குறிக்குள்ளை "இல்லை". கையேடு கீழை சொல்லுது, ஆம் குடுத்தா ட்ரூ வரும், இல்லை குடுத்தா ஃபோல்ஸ் வரும் எண்டு. அப்பிடி வராது.

ஆர்க்பார்ஸிலை டைப்புக்கு நீங்கள் குடுக்கிறது ஒரு ஃபங்ஷன். டேர்மினலிலை அடிச்ச சொல்லு எப்பவும் ஸ்ட்ரிங்காத்தான், அதாவது எழுத்துக் கோவையாத்தான் வரும், ஆர்க்பார்ஸ் அந்த ஸ்ட்ரிங்கைத் தூக்கி அந்த ஃபங்ஷனுக்குள்ளை போட்டு வாறதை எடுத்து வைக்கும், அவ்வளவுதான் அது செய்யிற வேலை. இன்ட் எண்டு குடுத்தா "12" எண்ட எழுத்தை 12 எண்ட இலக்கமாக்கும், அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை. பூல் எண்டு குடுத்தா பைதன்ரை பூல் ஃபங்ஷன் ஓடும், அது சொல்லின்ரை கருத்தைப் பாக்கிறேல்லை, ஸ்ட்ரிங் வெறுமையா இல்லையா எண்டு மட்டும்தான் பாக்கும். "இல்லை" வெறுமையான ஸ்ட்ரிங் இல்லை, அதாலை ட்ரூ. "ஃபோல்ஸ்" எண்டு இங்கிலீசிலை அடிச்சாலும் ட்ரூ, "0" எண்டாலும் ட்ரூ, "வேண்டாம்", "நிப்பாட்டு" எல்லாம் ட்ரூ. ஃபோல்ஸ் வரோணும் எண்டா மேற்கோள் குறி ரெண்டையும் ஒட்டிப் போட்டு உள்ளை ஒண்டும் இல்லாமல் குடுக்கோணும், அப்பிடி ஆர் குடுப்பினம்?

இப்ப ரெண்டாவது. ஒப்ஷனைக் குடுக்காமல் விட்டா டிஃபோல்ட் வரும், அது சரி. ஆனா டிஃபோல்டா வைச்சது ஸ்ட்ரிங் எண்டா, ஆர்க்பார்ஸ் அதையும் டேர்மினலிலை இருந்து வந்த மாதிரியே எடுத்து டைப் ஃபங்ஷனுக்குள்ளை போடும். ஸ்ட்ரிங் இல்லாத டிஃபோல்ட் எண்டா, உதாரணத்துக்கு 5 எண்ட இலக்கமோ ஃபோல்ஸ் எண்ட பெறுமதியோ, அதைத் தொடாமல் அப்பிடியே வைக்கும். எங்கடை ஸ்கிரிப்டிலை டிஃபோல்ட் "இல்லை" எண்ட ஸ்ட்ரிங், அது பூலுக்குள்ளை போய் ட்ரூவா வெளியிலை வந்திச்சுது. அதாவது அந்த ஸ்கிரிப்டை எப்பிடி ஓட்டினாலும் அது அனுப்பியேதான் தீரும், ஒத்திகை எண்ட வழியே அதிலை இருக்கேல்லை. பெடியன் எழுதினதிலை பிழை இல்லை, கையேடு சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்திருக்கிறான், இதை நான் செயலாளர் ஐயாவுக்கும் நேரை போய்ச் சொன்னனான்.

பைதன்ரை சொந்த டொக்கியுமென்டேஷனிலை ரெண்டும் இருக்கு. பூலை டைப்பாப் பாவிக்கிறது நல்லதில்லை, வெறுமையான ஸ்ட்ரிங்கை ஃபோல்ஸ் ஆக்கும் மற்றதெல்லாம் ட்ரூ ஆக்கும் எண்டு டைப் பகுதியிலை தெளிவாவே எழுதியிருக்கு, ஸ்ட்ரிங் டிஃபோல்டை டைப்பாலை மாத்தும் எண்டது டிஃபோல்ட் பகுதியிலை இருக்கு. ரெண்டும் வேறை வேறை இடம், ரெண்டையும் சேத்து வைச்சுப் பாத்தாத்தான் எங்களுக்கு நடந்தது விளங்கும்.

எதைத் திருத்திறது எண்ட விவாதம்

அறிவியல் நகர் பக்கம் படிக்கிற ஒரு தங்கச்சியும் நானும்தான் திருத்த வேலையிலை இருந்தது, பெடியனும் பேந்து சேந்திட்டான். தங்கச்சியின்ரை முதல் யோசனை அந்த உதாரணத்துக்குக் கீழை சிவப்புப் பெட்டி ஒண்டு போடுறது.

"அண்ணா, உதாரணம் இருக்கட்டும், கீழை பெருசா கவனம் எண்டு போட்டு பூல் இப்பிடித்தான் வேலை செய்யும் எண்டு விளங்கப்படுத்துவம். பிழையைக் காட்டினாத்தானே படிப்பினம்."

வகுப்பிலை எண்டா அது சரி. கையேட்டிலை சரிவராது எண்டது என்ரை நிலைப்பாடு, இப்பவும் அதுதான். டொக்கியுமென்டேஷனை ஆரும் மேலை இருந்து கீழை வாசிக்கிறேல்லை. வேலை அவசரத்திலை திறப்பினம், தேடுற சொல்லை அடிப்பினம், கோட் இருக்கிற பெட்டிக்குப் போவினம், கொப்பி பண்ணுவினம், ஓடினாச் சரி எண்டு மூடிடுவினம். பந்தியை வாசிக்கிறது ஓடாட்டி மட்டும்தான். இந்தப் பிழை ஓடுற பிழை. எரர் ஒண்டும் வராது, சிவப்பா ஒண்டும் எழுதாது, அழகா ஓடி எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பும். அப்ப அந்தச் சிவப்புப் பெட்டியை ஆர் எப்ப வாசிக்கப் போகினம்? பிழையான உதாரணத்தை வைச்சிட்டு கீழை எச்சரிக்கை எழுதிறது, கிணத்துக்கு மூடியைப் போடாமல் பக்கத்திலை போர்ட் நடுற வேலை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலை அனுப்பேக்கை கோட் பெட்டியை மட்டும் வெட்டித்தான் அனுப்புவினம், எச்சரிக்கை பின்னாலை நிண்டிடும், இந்தப் பிடிஎஃப்புக்கு அது உண்மையா நடந்தும் இருக்கு, பெடியனுக்குக் கிடைச்சதே ஒரு ஸ்கிரீன்ஷொட்தான்.

ஆனபடியாலை நாங்கள் வைச்ச விதி: கையேட்டிலை கோட் பெட்டிக்குள்ளை இருக்கிற எல்லாம் கொப்பி பண்ணி ஓட்டினா சரியா நடக்கோணும். பிழையான வடிவத்தைக் கோட்டாக் காட்டவே கூடாது, விளங்கப்படுத்தோணும் எண்டா வசனத்திலை சொல்லலாம். தங்கச்சி ஒத்துக்கொண்டவ, ஆனா ஒரு நிபந்தனை போட்டவ, ஏன் இப்பிடி எழுதினம் எண்டதுக்கு ஒரு வசனமாவது கோட்டுக்கு மேலை வரோணும் எண்டு, கீழை இல்லை மேலை. அது என்னைவிட நல்ல யோசனை, அப்பிடியே செய்தம்.

புது உதாரணத்திலை --அனுப்புக்கு டைப்பே இல்லை. அக்‌ஷன் எண்டதுக்கு ஸ்டோர் ட்ரூ. ஒப்ஷனை அடிச்சா ட்ரூ, அடிக்காட்டி ஃபோல்ஸ், பின்னாலை ஆம் இல்லை எண்டு ஒண்டும் குடுக்க ஏலாது, குடுத்தா ஆர்க்பார்ஸ் அடையாளம் தெரியாத ஆர்கியுமென்ட் எண்டு சொல்லி நிண்டிடும். பழைய பழக்கத்திலை --அனுப்பு இல்லை எண்டு ஒருத்தர் அடிச்சா இப்ப மெசேஜ் போகாது, எரர்தான் வரும். ஆபத்தான பக்கத்துக்கு ஒரு சொல்லு கூட அடிக்கோணும், சும்மா விட்டா பாதுகாப்பான பக்கம், இப்பிடித்தான் இருக்கோணும்.

அப்ப இல்லை எண்டும் வெளிப்படையாச் சொல்லோணும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு? பைதன் 3.9 இலை இருந்து பூலியன் ஒப்ஷனல் அக்‌ஷன் எண்டு ஒண்டு இருக்கு, அது ஒப்ஷனுக்கு எதிர் வடிவத்தைத் தானே உண்டாக்கும். ஆனா அது முன்னாலை ஒட்டுறது இங்கிலீஷ் "நோ-" தான், அதை மாத்த வழி வைக்கேல்லை, அப்ப எங்கடை ஒப்ஷன் --நோ-அனுப்பு எண்டு அரைவாசி இங்கிலீஷ் எழுத்து அரைவாசி தமிழ் எழுத்தா வரும், கந்தோரிலை கீபோர்ட் மாத்தி மாத்தி அடிக்கோணும். அதாலை நாங்கள் --அனுப்பாதே எண்டு தனியா ஒண்டு வைச்சுக் காட்டினம், அதுக்கு ஸ்டோர் ஃபோல்ஸ், ரெண்டும் ஒரே பேருக்குள்ளை பெறுமதியை வைக்கும். இதிலையும் ஒரு குழி இருக்கு. ஸ்டோர் ட்ரூவின்ரை டிஃபோல்ட் ஃபோல்ஸ், ஸ்டோர் ஃபோல்ஸின்ரை டிஃபோல்ட் ட்ரூ. ரெண்டும் ஒரே பேருக்குப் போகேக்கை கோட்டிலை முதல்லை சேத்ததின்ரை டிஃபோல்ட்தான் நிக்கும். ஆரும் அழகுக்காக வரி ரெண்டையும் மேலை கீழை மாத்தினா திருப்பியும் ஒண்டும் குடுக்காட்டியும் மெசேஜ் போகும். அதாலை உதாரணத்திலை ரெண்டு வரியிலையும் டிஃபோல்ட் ஃபோல்ஸ் எண்டு எழுதியே வைச்சிருக்கு, அதைத் தேவையில்லாத எழுத்து எண்டு நினைச்சு ஆரும் அழிச்சுப் போடாதேங்கோ.

ஆம் இல்லை எண்டு சொல்லாத்தான் வேணும் எண்டு செயலாளர் ஐயா மாதிரி ஆக்கள் கேட்டா, டைப்பை விட்டிட்டு சொய்ஸஸ் எண்டதிலை அந்த ரெண்டு சொல்லையும் குடுத்து, கோட்டுக்குள்ளை ஆம் எண்டதோடை ஒப்பிட்டுப் பாக்கலாம். வேறை என்ன அடிச்சாலும் ஏற்காது.

மற்றப் பிழையள்

ஒண்டு பிழைச்சிருந்தா மற்றதுகளையும் நம்ப ஏலாது எண்டு கையேடு முழுக்க ஓட்டிப் பாத்தம். சின்னதுகளை முதல் சொல்லுறன். எரர் வந்தா ஸ்கிரிப்ட் 1 எண்ட எக்ஸிட் கோட்டோடை (முடியேக்கை எப்பிடி முடிஞ்சது எண்டு சொல்லுற இலக்கம்) முடியும் எண்டு இருந்தது, உண்மையிலை ஆர்க்பார்ஸ் 2 ஓடை முடியும், ஹெல்ப் காட்டி முடிஞ்சா 0. ஒப்ஷனை முழுசா அடிக்கோணும் எண்டு இருந்தது, இல்லை, வேறை ஒண்டோடை குழம்பாட்டி தொடக்க எழுத்துகள் சிலது போதும், வேண்டாம் எண்டா 3.5 இலை இருந்து அலவ் அப்ரெவ் எண்டதை ஃபோல்ஸ் ஆக்கலாம், கந்தோர் ஸ்கிரிப்டுகளுக்கு அப்பிடி ஆக்கிறது நல்லது. ஹெல்ப் எழுத்துக்குள்ளை சதவீதக் குறி தனியா வரக்கூடாது எண்டது கையேட்டிலை இல்லவே இல்லை. நெல் வாங்கிற ஸ்கிரிப்ட் எழுதினா ஈரப்பதன் 14% க்கு மேலை எண்டு ஆரும் எழுதத்தானே செய்வினம், பழைய பைதன் வேர்ஷனுகளிலை ஸ்கிரிப்ட் சாதாரணமா ஓடும், ஹெல்ப் கேட்ட ஆளுக்கு மட்டும் ட்ரேஸ்பேக் எண்ட நீட்டு எரர் விழும். ரெண்டு சதவீதக் குறி போடோணும்.

ஒப்ஷனுக்குப் பின்னாலை எத்தினை பெறுமதி வரலாம் எண்டு சொல்லுற என்ஆர்க்ஸுக்குக் கேள்விக்குறி போடுறதைப் பற்றி எழுதினது அரைகுறை. பெறுமதி குடுக்காட்டி டிஃபோல்ட் வரும் எண்டு மட்டும் இருந்தது. ஒப்ஷனுக்கு அங்கை மூண்டு நிலை இருக்கு: ஒப்ஷனையே அடிக்கேல்லை எண்டா டிஃபோல்ட், ஒப்ஷனை அடிச்சிட்டு பின்னாலை ஒண்டும் குடுக்கேல்லை எண்டா கொன்ஸ்ட் எண்டதிலை நாங்கள் வைச்ச பெறுமதி, பெறுமதியோடை அடிச்சா அந்தப் பெறுமதி. கொன்ஸ்டை நாங்கள் வைக்காட்டி அது நன், அதாவது பெறுமதி ஒண்டும் இல்லை எண்டு வரும், அதோடை கோட் வேறை எங்கையோ போய் விழும்.

அப்பென்ட் அக்‌ஷன் எண்டது குடுக்கிறதை எல்லாம் ஒரு லிஸ்டிலை சேக்கிறது, அது எங்கடை ஸ்கிரிப்டையே தொட்டது. --தொகுதிக்கு டிஃபோல்ட் லிஸ்டா ஒரு தொகுதி வைச்சிருந்தது, வேறை தொகுதி குடுத்தா டிஃபோல்ட் போய்ப் புதுசு வரும் எண்டு கையேடு சொன்னது. போகாது, டிஃபோல்ட் லிஸ்டோடை புதுசும் சேரும். அப்ப ஒரு தொகுதிக்கு மட்டும் எண்டு அனுப்பின மெசேஜுகள் எல்லாம் ரெண்டு தொகுதிக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கு, ஆரும் முறைப்பாடு செய்யேல்லை எண்டபடியா தெரியேல்லை. திருத்தின உதாரணத்திலை டிஃபோல்ட் வைக்கேல்லை, நன் எண்டு வந்தா கோட்டுக்குள்ளை பாத்து நிரப்புறது.

பிள்ளையள் ஆகக்கூட வந்து கேட்டது ஆர்க்பார்ஸோடை சம்பந்தமே இல்லாத ஒண்டு. கையேட்டிலை இருந்து கொப்பி பண்ணி ஒட்டினா ஓடாது, அதையே கையாலை அடிச்சா ஓடும். காரணம், கையேடு ஏதோ ஒரு கட்டத்திலை வேர்ட்டிலை கிடந்திருக்கு, அது ரெண்டு ஹைஃபனைச் சேத்து ஒரு நீட்டுக் கோடா மாத்திப்போட்டுது. ஆர்க்பார்ஸுக்கு ஹைஃபன்லை தொடங்கினாத்தான் ஒப்ஷன், நீட்டுக் கோட்டிலை தொடங்கினா அது சும்மா ஒரு சொல்லு. நாங்கள் இப்ப கையேட்டை ஸ்பிங்ஸ் எண்ட டொக்கியுமென்டேஷன் கட்டுற கருவியிலை கட்டுறம், பைதன்ரை டொக்கியுமென்டேஷனும் அதிலைதான். ஆனா ஸ்பிங்ஸும் சாதாரண வசனத்துக்குள்ளை வாற ரெண்டு ஹைஃபனை இப்பிடி மாத்தும், கோட்டா அடையாளம் போட்டு எழுதினா மட்டும்தான் தொடாமல் விடும். அதாலை வசனத்துக்கு நடுவிலை வாற ஒவ்வொரு ஒப்ஷன் பேரையும் தேடித் தேடி அடையாளம் போட்டது தங்கச்சி, பொறுமை வேணும் அந்த வேலைக்கு.

தமிழ் எழுத்தாலை வாற பிரச்சினை

இது பைதன்ரை ஆர்க்பார்ஸ் பக்கத்திலை எழுதியிருக்கிற விசயம் இல்லை, அங்கை எதிர்பாக்கவும் ஏலாது, எங்கடை கையேட்டிலைதான் இருக்கோணும்.

பெடியன்ரை ஸ்கிரிப்ட் அவன்ரை லப்டொப்பிலை ஓடுது, கந்தோர்க் கொம்பியூட்டரிலை --தொகுதி எண்டு அடிச்சா அப்பிடி ஒண்டு இல்லை எண்டு சொல்லுது. ஸ்கிரீனிலை பாத்தா ரெண்டும் ஒரே எழுத்து. ரெண்டையும் நீளத்தை எண்ணுற லென் ஃபங்ஷனைப் போட்டு எண்ணிப் பாத்தம், ஒண்டு 6, மற்றது 7. "தொ" எண்டதை யூனிகோடிலை ரெண்டு விதமா எழுதலாம், த வுக்குப் பின்னாலை ஒகரக் குறி ஒண்டா ஒரே கோட் பொயின்ட் (யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் குடுக்கிற இலக்கம்), இல்லாட்டி கொம்பு தனியா கால் தனியா ரெண்டு கோட் பொயின்ட். எந்தக் கீபோர்ட்டாலை அடிச்சது, எந்தக் கன்வேர்ட்டராலை மாத்தினது எண்டதைப் பொறுத்து ஏதோ ஒண்டு வரும். யூனிகோட் ரெண்டையும் சமம் எண்டுதான் சொல்லுது, ஆனா ஆர்க்பார்ஸ் ஸ்ட்ரிங்கை ஸ்ட்ரிங்காத்தான் ஒப்பிடும், 6 உம் 7 உம் அதுக்கு வேறை வேறை.

இதுக்குள்ளை இன்னொண்டு. பைதன் கோட்டிலை வாற வேரியபிள் பேருகளை, புள்ளிக்குப் பின்னாலை வாற பேருகளையும் சேத்து, வாசிக்கேக்கையே என்எஃப்கேசி எண்ட ஒரு வடிவத்துக்கு மாத்திப்போடும், அந்த வடிவத்திலை "தொ" ஒற்றைக் குறியாத்தான் வரும். மேற்கோளுக்குள்ளை இருக்கிற ஸ்ட்ரிங்கைத் தொடாது. அப்ப ஒப்ஷன் பேரைப் பிரிஞ்ச வடிவத்திலை எழுதியிருந்தா ஆர்க்பார்ஸ் பெறுமதியைப் பிரிஞ்ச பேரிலை வைக்கும், எங்கடை கோட் சேந்த பேரிலை போய்த் தேடும், அந்தப் பேரிலை ஒண்டும் இல்லை எண்டு அட்ரிபியூட் எரர் வரும். ஒரே ஃபைல், ஒரே ஆள் ஒரே கீபோர்ட்டிலை அடிச்சது, ரெண்டு இடத்திலையும் கண்ணுக்கு ஒரே சொல்லு, இருந்தும் விழும். இதைக் கண்டுபிடிக்க ஏலாமல் தமிழ்ப் பேரே வேண்டாம் எண்டு விட்டிட்டுப் போன பிள்ளையளை எனக்குத் தெரியும், அதுதான் எனக்குக் கவலை.

கையேட்டிலை இப்ப ரெண்டு வரி சேத்திருக்கிறம், எல்லா உதாரணத்திலையும் அது வரும். ஆர்க்பார்ஸுக்குக் குடுக்க முதல் டேர்மினலிலை இருந்து வந்த எல்லாத்தையும் யூனிகோட்டேற்றா மொடியூல்லை இருக்கிற நோமலைஸாலை என்எஃப்சி வடிவத்துக்கு (இதிலையும் "தொ" ஒற்றைக் குறிதான்) மாத்திறது, ஒப்ஷன் பேரையும் அதே வடிவத்திலை எழுதிறது. அதோடை, டெஸ்டினேஷன் எண்டதைச் சுருக்கி ஆர்க்பார்ஸ் வைச்சிருக்கிற ஆர்கியுமென்டிலை கோட்டுக்குள்ளை பாவிக்கிற பேரை இங்கிலீஷ் எழுத்திலை நாங்களே குடுக்கிறது. ஓட்டுற ஆளுக்குத் தமிழ், கோட் எழுதிற ஆளுக்குக் குழப்பம் இல்லாத பேர்.

ஹெல்ப்பிலை விளக்கங்கள் நேரா வராமல் முன்னுக்குப் பின்னா நிக்கிறதுக்கும் காரணம் இதுக்குக் கிட்டத்தான். "அனுப்பு" கண்ணுக்கு நாலு எழுத்து, கோட் பொயின்ட் கணக்கிலை 7, ஆர்க்பார்ஸ் இடைவெளி விடுறது கோட் பொயின்ட் கணக்கிலை. அதைத் திருத்த நாங்கள் முயற்சி செய்யேல்லை, உங்கடை கோட்டிலை பிழை இல்லை எண்டு மட்டும் எழுதி விட்டிருக்கு.

இனி பிழைக்காமல் பாக்கிறது

ஸ்பிங்ஸிலை டொக்டெஸ்ட் எண்டு ஒண்டு இருக்கு, கையேட்டுக்குள்ளை இருக்கிற உதாரணங்களை ஓட்டி, கீழை எழுதியிருக்கிற விடையோடை ஒத்துப் பாக்கும். ஆர்க்பார்ஸுக்கு இது வடிவாப் பொருந்தும், ஏனெண்டா அடிச்சதைப் பிரிக்கிற பார்ஸ் ஆர்க்ஸுக்கு டேர்மினல் இல்லாமல் ஒரு லிஸ்டை நேரை குடுத்தும் ஓட்டலாம். --அனுப்பு குடுத்தா ட்ரூ, குடுக்காட்டி ஃபோல்ஸ், --அனுப்பு இல்லை குடுத்தா எரரோடை நிண்டு போற சிஸ்டம் எக்ஸிட், மூண்டையும் கையேட்டுக்குள்ளையே எழுதி வைச்சிருக்கிறம், ஆரும் உதாரணத்தை மாத்தினா உடனை பிடிபடும். ஹெல்ப்பின்ரை வெளியீட்டை மட்டும் இப்பிடி ஒப்பிட ஏலாது, அது வேர்ஷனுக்கு வேர்ஷன் மாறும். பைதன் 3.10 க்கு முதல் ஒப்ஷனுகளுக்கு மேலை ஒப்ஷனல் ஆர்கியுமென்ட்ஸ் எண்டு தலைப்பு வரும், 3.10 இலை இருந்து ஒப்ஷன்ஸ் எண்டு வரும், பழைய பிடிஎஃப்பைப் பாத்துப் படிச்ச பிள்ளையள் தங்கடை கொம்பியூட்டரிலை வேறை மாதிரி வருது எண்டு கேட்டதுக்கு இதுதான் காரணம். எந்த வேர்ஷன்லை ஓட்டினது எண்டு இப்ப ஒவ்வொரு பக்கத்திலையும் மேலை இருக்கு.

பெடியன்ரை ஸ்கிரிப்டையும் திருத்தியாச்சு. அதிலை அவன் தானா ஒண்டு கூடச் சேத்தவன், --அனுப்பு குடுத்தாலும் எத்தினை பேருக்கு, எந்தத் தொகுதிக்கு எண்டு காட்டிட்டு ஒருக்காக் கேக்கும், ஆம் எண்டு தமிழிலை அடிச்சாத்தான் போகும். செயலாளர் ஐயா அதைத் தானே இருந்து ஓட்டிப் பாத்திட்டுத்தான் திருப்பிப் பாவிக்க விட்டவர்.

ஒரு ஸ்கிரிப்டுக்குள்ளை உப கொமாண்டுகள் வைக்கிற சப்பார்ஸர் பற்றின பகுதி இன்னும் திருத்தேல்லை. உப கொமாண்ட் குடுக்காட்டி எரர் வரும் எண்டு பழைய கையேட்டிலை இருக்கு, பைதன் 3 இலை தானா அப்பிடி வராது, 3.7 இலை வந்த ரிக்குவயர்ட் எண்டதை ட்ரூ ஆக்கினாத்தான் வரும். அந்தப் பகுதி வரும் வரைக்கும் பழைய பிடிஎஃப் வைச்சிருக்கிறவை அதிலை பூல் உதாரணம் இருக்கிற பக்கத்தையும் அப்பென்ட் பக்கத்தையும் பாவிக்காதேங்கோ, ஏற்கெனவே அதைப் பாத்து எழுதின ஸ்கிரிப்ட் கந்தோருகளிலை ஓடிக்கொண்டிருந்தா டைப்பிலை பூல் இருக்கோ எண்டு ஒருக்காத் தேடிப் பாருங்கோ.